மேடைக்கு எந்தக் கணினி?

திருவாலங்காடு என்றதும் எவர்க்கும் நினைவிற்கு வருவது நடனமே. சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப் பாதையில், மணவூருக்கும் மோசூருக்கும் இடையே அமைந்த சிற்றூர் அது. அவ்வூர்ச் சிவாலயத்தை ஐந்து சபைகளுள் ஒன்றாகிய இரத்தின சபை எனச் சைவப் பெருமக்கள் போற்றுவர். இறைவனும் காளியும் போட்டியிட்டு ஆடிய இடம் அதுவே என்பது அவர்தம் மரபு. காரைக்கால் அம்மையாரின் பெயரோடு பிணைந்த தலமும் அதுவே. அந்த மண்ணில் வளரும் பிள்ளைகளுக்கு, அவர்கள் எச்சமயத்தைச் சேர்ந்தவராயினும், ஆடலும் கூத்தும் அயலானவை அல்ல. சுற்றுவட்டாரப் பங்குகளின் திருவிழா மேடைகளிலும், தவக்கால இறுதியில் நடைபெறும் பாஸ்கா நாடகங்களிலும் இதனை நாம் காண்கிறோம்.

ஆயினும் இன்று மேடையின் பின்புறம் மாறிவிட்டது. முன்னாளில் மூங்கிலில் சுற்றிய படுதாக்கள் தொங்கும். அரண்மனைக்கு ஒன்று, காட்டிற்கு ஒன்று, தெருவிற்கு ஒன்று என மூன்று திரைகளில் உலகமே அடங்கிவிடும். இன்றோ அவ்விடத்தில் வெள்ளைத் திரையும் புரொஜெக்டரும், அல்லது வாடகைக்கு எடுத்த எல்.இ.டி. திரையும் நிற்கின்றன. நடனம் நிகழும்போதே, தாளத்திற்கும் பாவத்திற்கும் இசைய, ஒருவர் கணினியின் முன் அமர்ந்து படங்களை ஏவுகிறார். ஒன்றன்மேல் ஒன்றைக் கலக்கிறார். விரைவாக்குகிறார், மெதுவாக்குகிறார், இருளச் செய்கிறார். இதனை நேரடித் திரைக்காட்சி என்று நாம் அழைக்கலாம். முன்கூட்டியே முடித்து வைத்த திரைப்படத்தை ஓட்டுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, ஒலிநாடாவில் பாட்டைப் போடுவதற்கும் பாடகர் மேடையில் நின்று பாடுவதற்கும் உள்ள வேறுபாடே ஆகும்.

இது பற்றி ஆலங்காட்டுப் பக்கத்துக் குடும்பம் ஒன்று நமக்கு எழுதியுள்ளது. தகப்பனார் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் ஓர் ஆலையில் பணிபுரிந்து, வார விடுமுறைக்கு வீடு வருபவர். மகள் பரதம் பயின்றவள். அவளுடைய தம்பி திரைக்காட்சி ஏவுபவன். இதுவரை இரவல் கணினியைக் கொண்டே சமாளித்து வந்தனர். இப்போது அண்டைப் பங்குகள் சிலவற்றிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் அழைப்புகள் வருகின்றன. சிறிது அன்பளிப்பும் தருகிறார்கள். கூரைக்கு ஓடு மாற்றவென்று கட்டி வந்த சீட்டுப் பணம் கைக்கு வந்துள்ளது. அதில் ஒரு பகுதியைக் கணினிக்கு எடுக்கத் தாயார் இசைந்துவிட்டார். தகப்பனார் மேசைக் கணினியே உறுதியானது என்கிறார். மகனோ மடிக்கணினியே வேண்டும் என்கிறான். இருவரும் நம்மிடம் தீர்ப்புக் கேட்கிறார்கள்.

ஓட்டிற்கு வைத்த பணம் என்பதால் இதனை விளையாட்டாக எண்ணி விடைகூற இயலாது. மழைக்காலம் வரும்போது கூரை ஒழுகினால், வாங்கிய கருவி நாள்தோறும் அவ்வீட்டாரின் கண்ணை உறுத்திக்கொண்டிருக்கும். ஆதலின், எது சிறந்த கணினி என்று கேளாமல், எந்த மேடைக்கு எது ஏற்றது என்று கேட்போம்.

நம் நாட்டில் இக்கேள்விக்கு விடை கண்ட முன்னோடி ஒருவர் உண்டு. அவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய இரயில்வேயில் படவரைஞராகப் பணியாற்றியவர். 1905ஆம் ஆண்டில், டூபான்ட் என்னும் பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகச் சென்று சலனப்படம் காட்டி வந்தார். அவர் உடல் நலம் குன்றித் தாயகம் திரும்ப விழைந்தபோது, அவருடைய படக்கருவியையும் படச்சுருள்களையும் வின்சென்ட் விலைக்கு வாங்கினார். அச்சுருள்களுள் இயேசு பெருமானின் வாழ்வைக் காட்டும் படமும் ஒன்று. வேலையை விட்டு, கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு, அவர் தமிழகத்தைக் கடந்து வடநாட்டிற்கும் சென்று படம் காட்டினார். பின்னர் 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கைக் கட்டினார். அவ்வரங்கு இருந்த சாலைக்கு இன்றும் அப்பெயரே வழங்குகிறது.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது வரிசைமுறையை. முதலில் கூடாரம், பிறகே அரங்கம். மக்கள் பல ஊர்களில் சிதறியிருந்த காலத்தில் கருவி மக்களை நாடிச் சென்றது. மக்கள் ஓரிடத்தை நாடி வரத் தொடங்கியபின் கருவி ஓரிடத்தில் நிலைத்தது. மடிக்கணினி கூடாரம் போன்றது. மேசைக் கணினி அரங்கம் போன்றது. நம் மேடை எங்கே இருக்கிறது என்பதை அறியாமல் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தல் தகாது.

இனி, இவ்வேலை கணினியிடம் கேட்பது என்ன என்று பார்ப்போம். இக்காலத்தில் வழக்கமான முழுத் தெளிவுப் படம் ஒன்றில், குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் உள்ளன. பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 60 படங்கள் எனில், ஒரே நொடியில் 12 கோடியே 44 இலட்சத்திற்கும் மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் தீர்மானிக்கப்பட வேண்டும். இரண்டு மூன்று படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்தால் வேலை அதற்கேற்பப் பெருகும். ஒவ்வொரு படத்திற்கும் கிடைக்கும் காலம் நொடியில் அறுபதில் ஒரு பங்கே. அதற்குள் முடியாவிடில் படம் தடுக்கும், தாளத்திலிருந்து வழுவும். கணக்குப் பார்க்கும் கணினி ஒரு நொடி தாமதித்தால் எவரும் அறியார். மேடைக் கணினி தாமதித்தால் ஊரே அறியும்.

இப்புள்ளி வேலையைச் செய்வது கணினியின் பொது மூளை அன்று. படச் செயலி என்னும் தனி உறுப்பு. கடைக்காரர்கள் இதனைக் கிராபிக்ஸ் கார்டு என்பர். அதற்கென்று தனி நினைவகமும் உண்டு. இவ்வுறுப்புத் தனியாக இல்லாத கணினி, மேசைமேல் வைப்பதாயினும் மடியில் வைப்பதாயினும், பல படங்களைக் கலக்கும்போது திணறும். இம்மாவட்டத்தின் பல வீடுகளில் முதன்முதலாக நுழைந்த கணினி, அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினியே. 2011 செப்டம்பர் 15 அன்று அத்திட்டம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே தொடங்கி வைக்கப்பட்டது. அவை மாணாக்கர் படிப்பிற்கென்று வந்தவை. அவை மேடையில் திணறியதைக் கண்டு, மடிக்கணினி என்றாலே வலுவற்றது என்று முடிவு கட்டுவோர் உளர். அது சரியன்று.

எனினும் தகப்பனாரின் கருத்தில் உண்மையில்லை என்றும் கூற இயலாது. ஒரே பெயரில் விற்கப்படும் படச் செயலி, மேசைக் கணினியிலும் மடிக்கணினியிலும் ஒன்றே அன்று. சான்றாக, என்விடியா நிறுவனத்தின் ஆர்.டி.எக்ஸ். 4070 என்பதை எடுத்துக்கொள்வோம். மேசைக் கணினிக்கானதில் 5,888 கணக்கீட்டு உட்கூறுகளும் 12 ஜிகாபைட் நினைவகமும் உள்ளன. அது 200 வாட் மின்சாரம் உண்ணும். அதே பெயருடைய மடிக்கணினிச் செயலியில் 4,608 உட்கூறுகளும் 8 ஜிகாபைட் நினைவகமுமே உண்டு. அதற்கு எத்தனை வாட் விடுவது என்பதைக் கணினியைச் செய்பவரே, பொதுவாக 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை, தம் விருப்பம்போல் தீர்மானிக்கிறார். ஆகவே ஒரே பெயர் பொறித்த இரண்டு மடிக்கணினிகள்கூட வலுவில் ஒத்திரா. கடையில் பெயரை மட்டும் கேளாமல் வாட் அளவையும் கேட்டறிக.

மேசைக் கணினிக்கு வேறு நலன்களும் உண்டு. அதன் பெட்டி அகன்றது, விசிறிகள் பெரியவை, வெப்பம் எளிதில் வெளியேறும். கத்திரி வெயிலில் தகரப் பந்தலின்கீழ் இரண்டு மணி நேரம் ஓடும்போது இது சிறிய நன்மை அன்று. மடிக்கணினி சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நிகழ்ச்சியின் தொடக்கத்தில் சீராக ஓடிய படம், உச்சக் காட்சியில் தடுக்குவது பெரும்பாலும் இதனாலேயே. மேலும், மேசைக் கணினியில் ஓர் உறுப்புப் பழுதானால், சென்னை ரிச்சி தெருவிற்குச் சென்று அவ்வுறுப்பை மட்டும் வாங்கி மாற்றலாம். மடிக்கணினியிலோ பெரும்பாலான உறுப்புகள் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டவை. ஒன்று கெட்டால் பலகையே போயிற்று. திரை இணைப்புத் துளைகளும் மேசைக் கணினியின் படச் செயலியில் பொதுவாக நான்கு உண்டு. மடிக்கணினியில் ஒன்றோ இரண்டோதான். ஒரே பணத்திற்கு மிகுந்த வலு வேண்டுமெனில் மேசைக் கணினியே என்பதில் ஐயமில்லை.

ஆனால் அவ்வலுவைத் தூக்கிச் செல்ல வேண்டுமே! பெட்டி, திரை, விசைப்பலகை, சுட்டி, யு.பி.எஸ்., கம்பிகள் ஆகிய அனைத்தையும் பகிர்வு ஆட்டோவில் ஏற்றி, நிலையத்தில் இறக்கி, புறநகர் இரயிலில் கூட்டத்திற்கிடையே வைத்து, மீண்டும் ஆட்டோவில் ஏற்ற வேண்டும். எடைமிக்க படச் செயலி தாய்ப்பலகையில் ஒரு துளையில் செருகப்பட்டுத் தொங்குவது. குண்டும் குழியுமான சாலையில் அது சிறிது நழுவினாலும், மேடை ஏறிய பின் கணினி விழிக்காது. நினைவக அட்டையும் அவ்வாறே. நிகழ்ச்சிக்கு அரை மணி நேரம் முன்பு, இருட்டில், பெட்டியைத் திறந்து அதைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். அவ்வேளையில் அந்தப் பையனின் கை நடுங்காதிருக்குமா?

அடுத்தது மின்சாரம். இதில்தான் பலரும் பாதியை மட்டும் எண்ணிப் பார்க்கிறார்கள். மடிக்கணினியில் பாட்டரி உண்டு, ஆகவே மின்சாரம் போனாலும் கவலையில்லை என்பது பொதுவான எண்ணம். மின்சாரம் போனால் புரொஜெக்டரும் அணைந்துவிடும் அன்றோ? விளக்கு வைத்த பழைய வகைப் புரொஜெக்டர் சூடாக இருக்கையில் அணைந்தால், அது ஆறி மீண்டும் முழு ஒளி தரச் சில நிமிடங்கள் ஆகும். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிய பிறகும் திரை இருண்டே இருக்கும். பாட்டரி காப்பது காட்சியை அன்று; ஆயத்தமாயிருந்த நிலையையே. மேசைக் கணினி அணைந்தால், மீண்டும் எழுந்து, மென்பொருளைத் திறந்து, படங்களை வரிசைப்படுத்தி, விட்ட இடத்திற்கு வருவதற்குள் அக்காட்சி முடிந்துவிடும். மடிக்கணினி விட்ட இடத்திலேயே காத்திருக்கும்.

மேசைக் கணினிக்கு யு.பி.எஸ். வைத்தால் போயிற்று எனலாம். மெய்தான், ஆனால் அளவு அறிந்து வைக்க வேண்டும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். பொதுவாக 360 வாட் அளவே தாங்கும். வலுமிக்க படச் செயலி உள்ள கணினி முழு வேகத்தில் ஓடும்போது அதற்கு மேலும் கேட்கக்கூடும். அப்போது மின்சாரம் போன கணமே யு.பி.எஸ்.உம் கைவிட்டுவிடும். ஆலையில் பணிபுரியும் தகப்பனாருக்கு இக்கணக்கை நாம் விளக்க வேண்டியதில்லை. வெல்டிங் எந்திரம் ஓடும் வழித்தடத்தில் மின்னழுத்தம் எவ்வாறு ஏறி இறங்கும் என்பதை அவர் கண்டிருப்பார். திருவிழா நாளில், தெரு முழுவதும் சீரியல் விளக்கு எரியும் தடத்திலேயே கணினியையும் இணைப்பது அத்தகையதே. கணினிக்கும் புரொஜெக்டருக்கும் தனித் தடம் கேட்டுப் பெறுக. நியூட்ரல் கம்பி அறுந்தால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரை வரக்கூடும். மேடை மின்பணியாளரிடம் அதனை முதலிலேயே சோதிக்கச் சொல்வதில் நாணம் வேண்டாம்.

மடிக்கணினிக்கும் ஒரு குறை உண்டு. பாட்டரியில் மட்டும் ஓடும்போது அதன் படச் செயலி தன் முழு வலுவைக் காட்டாது. வலுமிக்க மடிக்கணினியின் மின்னூட்டி 180 வாட், 240 வாட் என்ற அளவினது. பாட்டரி அந்த அளவைத் தொடர்ந்து தர இயலாது. ஆகவே பாட்டரி அவசரக் காப்பே அன்றி, நிகழ்ச்சி நடத்தும் வழி அன்று. மின்னூட்டியைச் செருகியபின் ஒலிபெருக்கியில் இரைச்சல் கேட்டால், சிலர் எர்த் முனையை உடைத்துவிடுகின்றனர். இது உயிருக்கு ஆபத்து. ஒலியமைப்பும் கணினியும் ஒரே பலகையிலிருந்து மின்சாரம் எடுக்குமாறு செய்து பார்க்க வேண்டும். அதிலும் தீராவிடில், இரைச்சலைத் தடுக்கும் டி.ஐ. பெட்டி ஒன்றை ஒலியமைப்பாளரிடம் கேட்டு வாங்கி இடையில் வைக்க வேண்டும்.

இதுவரை கூறியவற்றால் வாசகர்கள் குழப்பமடைந்திருப்பின் வியப்பில்லை. வலுவிற்கு ஒன்று, பயணத்திற்கு மற்றொன்று என்றால், இரண்டையும் எவ்வாறு வாங்குவது? இங்கே நாம் ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். ஆயத்தம் செய்தல் வேறு, அரங்கேற்றுதல் வேறு. கடல் பிளப்பதையும், கல்லறையின் கல் புரள்வதையும் படமாக ஆக்குவது ஆயத்தம். அதனைச் செய்யக் கணினிக்கு ஓர் இரவு முழுதும் ஆனாலும் கேடில்லை. பிளெண்டர் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு, மெதுவான கணினியும் விடியும்வரை உழைத்து அழகிய படத்தைத் தந்துவிடும். அரங்கேற்றத்திலோ ஒரு கணமும் தாமதம் கூடாது. ஆனால் வேலை எளிது. ஆயத்தமான படங்களை உரிய வேளையில் ஏவி, இரண்டு மூன்றைக் கலந்தால் போதும். பொறுமை உள்ளவர்க்கு மிகப் பெரிய கணினி தேவையில்லை.

அந்த எளிய வேலையையும் மேலும் எளிதாக்க ஒரு வழி உண்டு. நாம் கைப்பேசியில் எடுக்கும் படம், மளிகைக் கணக்கில் ‘மேற்படி, மேற்படி’ என்று எழுதுவது போன்றது. முதல் படம் ஒன்று முழுமையாக இருக்கும். அடுத்து வருபவற்றில் மாறியவை மட்டுமே குறிக்கப்படும். வரிசையாகப் படித்தால் நன்று. நடுவே ஒரு வரியைக் காட்டிக் கேட்டால், மேலே சென்று தேடியன்றோ பொருள் கூற வேண்டும்? மேடையில் படத்தைத் திடீரென நடுவிலிருந்து தொடங்கவும், பின்னோக்கி ஓட்டவும் வேண்டியிருப்பதால் கணினி திணறுகிறது. ஹேப், டி.எக்ஸ்.வி. என்னும் வடிவங்களில் ஒவ்வொரு படமும் தனித்தனியே முழுமையாக எழுதப்படும்; அதனை விரிக்கும் வேலையையும் படச் செயலியே ஏற்கும். கோப்புகள் பன்மடங்கு பெருக்கும் என்பது உண்மையே. ஆதலின் விரைந்து படிக்கும் எஸ்.எஸ்.டி. சேமிப்பகம் இன்றியமையாதது. நிகழ்ச்சிக்கு முன்பே படங்களை இவ்வடிவங்களுக்கு மாற்றிக்கொண்டால், நடுத்தரக் கணினியும் தடுக்காமல் ஓட்டும்.

கணினியை வாங்குமுன் மென்பொருளை முடிவு செய்வது நன்று. ரெசொல்யூம் என்பது இத்துறையில் பலர் கையாளுவது. ஐசடோரா என்பது நடனத்திலிருந்தே பிறந்தது. நியூயார்க்கின் ட்ராய்க்கா ராஞ்ச் என்னும் நடனக் குழுவின் தேவைக்காக மார்க் கோனிக்லியோ என்பவர் அதனை உருவாக்கினார். டச்டிசைனர் என்பதை வணிக நோக்கமின்றி, குறைந்த பட அளவோடு, இலவசமாகப் பயன்படுத்தலாம். வி.டி.எம்.எக்ஸ். என்பது ஆப்பிள் கணினியில் மட்டுமே இயங்கும். காட்சிகளை மாற்றிக் காட்டினால் போதும் என்போர்க்கு ஓ.பி.எஸ். ஸ்டூடியோ செலவின்றிக் கிடைக்கிறது. பணம் கட்ட வேண்டிய மென்பொருளைப் பூட்டுடைத்துப் பயன்படுத்துவது பிறர் உழைப்பைக் கவர்வதே. திருவிழா மேடைக்கு அது எவ்வகையிலும் பொருந்தாது.

இனி நம் கருத்தைக் கூறுவோம். இக்குடும்பத்தின் மேடை ஊர் ஊராக நகர்வது. இன்று பங்கு வளாகத்தில், நாளை ஒரு பள்ளியில், மறுவாரம் வேற்றூரில். சுமப்பவர்களும் அக்காளும் தம்பியுமே. ஆகவே அவர்களுக்கு ஏற்றது தனிப் படச் செயலியுள்ள நடுத்தர மடிக்கணினியே. கடையில் உள்ளவற்றுள் மிக உயர்ந்தது வேண்டாம். முழுத் தெளிவுப் படங்கள் இரண்டு மூன்றை இடையறாது கலக்கவல்லது எதுவோ அது போதும். தாயார் ஒதுக்கிய தொகை முழுவதையும் கணினிக்கே கொடுத்துவிடலாகாது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை எஞ்சவிட்டு, வெளிச் சேமிப்பகம், தரமான எச்.டி.எம்.ஐ. கம்பி, காற்றோட்டம் தரும் தாங்கி ஆகியவற்றிற்கு வைத்துக்கொள்க. மேடையில் பலமுறை காட்சி கெடுவது கணினியால் அன்று, மலிவான கம்பியால். சாதாரண எச்.டி.எம்.ஐ. கம்பி பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேல் நம்பத்தக்கது அன்று. திரை தொலைவில் இருப்பின் ஒளியிழைக் கம்பியோ நீட்டிப்புக் கருவியோ தேவைப்படும். எல்.இ.டி. திரை வாடகைக்குத் தருவோரிடம் அது பெரும்பாலும் இருக்கும். முதல் நாளே கேட்டறிவது நலம்.

தகப்பனாரின் மேசைக் கணினிக்கும் ஓரிடம் உண்டு. சொந்த மண்டபமும், நிலையான திரையும் உள்ள பங்குகள் பல இன்று இருக்கின்றன. அவ்விடங்களில் பங்குப் பணத்தில் மடிக்கணினி வாங்குவதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். அது இன்று ஒருவர் வீட்டிலும் நாளை மற்றொருவர் பையிலும் இருக்கும். சில ஆண்டுகளில் எங்கே என்றே தெரியாமற் போகும். காற்றோட்டமுள்ள பூட்டிய அலமாரியில், அளவான யு.பி.எஸ்.உடன் மேசைக் கணினியை வைத்தால், அது மறைக்கல்வி வகுப்பிற்கும் இளைஞர் இயக்கக் கூட்டத்திற்கும் பயன்படும். ஓர் உறுப்புக் கெட்டால் அதை மட்டும் மாற்றிப் பல ஆண்டுகள் ஓட்டலாம். எனவே குடும்பம் கூடாரத்தை வாங்கட்டும்; பங்கு அரங்கத்தை வாங்கட்டும். ஊருக்குள் இரண்டும் இருந்தால், ஒன்று பழுதாகும் நாளில் மற்றொன்று கைகொடுக்கும்.

வாங்குமுன் ஒன்று செய்ய வேண்டும். அடுத்த நிகழ்ச்சிக்கு, வாங்க எண்ணியுள்ள வகைக் கணினியை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, முழு நிகழ்ச்சியையும் அதிலேயே ஓட்டிப் பாருங்கள். கடைக் குளிர் அறையில் பத்து நிமிடம் ஓடுவதைக் கண்டு முடிவு செய்தல் கூடாது. பந்தலின் வெப்பத்தில், இரண்டு மணி நேரம், இடையே மின்சாரத்தை ஒருமுறை வேண்டுமென்றே நிறுத்திப் பார்க்க வேண்டும். கருவியை அதன் நல்ல நேரத்தில் பார்த்து வாங்குவது எளிது. அது கெடக்கூடிய நேரத்தில் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதே நமக்கு வேண்டிய செய்தி. இவ்வாறு சோதித்தபின், இரவல் கணினியே இன்னும் ஓராண்டு போதும் என்று தோன்றினால், தயங்காமல் முதலில் கூரையைச் செப்பனிடுக. கணினியின் வலு ஆண்டுதோறும் கூடி வருகிறது. ஒழுகும் ஓடு தானாகச் சீராவதில்லை.

வாங்கிய பின்னர்க் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்குகளும் உண்டு. நிகழ்ச்சி நாளில் கணினியை இணையத்திலிருந்து துண்டித்துவிடுங்கள். மென்பொருள் புதுப்பித்தல் எப்போது தொடங்கும் என்று எவரும் அறியார். வாட்ஸ்அப் அறிவிப்பு ஒன்று, சிலுவைக் காட்சியின்மேல் பெரிய எழுத்தில் தோன்றினால் எப்படியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். திரை தானே அணையும் ஏற்பாட்டையும், கணினி உறங்கும் ஏற்பாட்டையும் நீக்கிவிடுங்கள். மடிக்கணினியைத் துணி விரித்த மேசைமேல் வைத்து அதன் காற்றுத் துளைகளை மூடாதீர்கள். படங்கள் அனைத்தின் படி ஒன்று வேறொரு சேமிப்பகத்தில், வேறொருவர் பையில் இருக்கட்டும். முழு இருளைத் தரும் விசை எதுவென்று ஏவுபவனின் விரலுக்குப் பழகியிருக்க வேண்டும். படம் தடுக்கினால் உடனே திரையை இருளாக்கிவிடலாம். மக்கள் ஆடுபவளைப் பார்ப்பார்கள், குறையை அறியமாட்டார்கள்.

இறுதியாக, ஆடும் அக்காளுக்கும் ஏவும் தம்பிக்கும் ஒரு சொல். நம் வடமாவட்டத்துத் தெருக்கூத்தர்கள் ஒரு வெள்ளைத் துணியை இருவர் கையில் பிடிக்கச் செய்து, அதன் பின்னிருந்து அரசனைத் தோன்றச் செய்வார்கள். அத்துணியில் படம் ஏதும் இல்லை. ஆயினும் விடியும்வரை மக்கள் இமை கொட்டாது அமர்ந்திருப்பர். திரையில் எப்போதும் ஏதேனும் அசைந்துகொண்டே இருந்தால் கண் அங்கேயே சென்றுவிடும், முகபாவம் வீணாகும். எந்த இடத்தில் படம் வேண்டாம் என்பதை இருவரும் சேர்ந்து முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஒத்திகைகளுள் ஒன்றைக் கணினியை அணைத்துவிட்டு முழுவதும் நடத்திப் பாருங்கள். அந்த ஒத்திகை நிறைவாக அமைந்தால், மேடையில் எக்கருவி கைவிட்டாலும் நடனம் நிற்காது. அமையாவிடில், கணினிக் கடைக்குப் போகும் முன் இன்னும் சில மாலைகள் அந்த நடனத்திற்கே உரியவை.